ஒன்றரை மணி நேரத்தில் தீரும் பேட்டரி: கையடக்கக் கேமிங் கணினியை எங்கிருந்து தொடங்குவது?

அசூஸ் நிறுவனத்தின் ராக் அலை (ROG Ally) என்ற கையடக்கக் கேமிங் கணினி ஒன்றைப் பழையதாக ஒருவரிடமிருந்து வாங்கியிருக்கிறீர்கள். இதுவரை கைப்பேசியிலும் பிளேஸ்டேஷனிலும் மட்டுமே விளையாடியிருக்கிறீர்கள். எந்த மென்பொருள்களைப் போட வேண்டும், எந்த விளையாட்டில் தொடங்க வேண்டும், விண்டோஸை எடுத்துவிட்டு ஸ்டீம்ஓஎஸ் என்ற இயங்குதளத்தைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அவற்றுக்கு நடுவே எழுதியிருக்கும் இரண்டு வரிகள்தான் உங்கள் கேள்வியின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது: முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் ஒன்றரை மணி நேரம்கூட நிற்பதில்லை, மேற்புறம் கை வைக்க முடியாதபடி சுடுகிறது, நான் ஏமாந்துவிட்டேனா என்ற வரிகள். ஆகவே இது பழுதா அல்லது இயல்பா, இயல்புதான் என்றால் இந்தக் கருவியோடு எப்படிப் பழகுவது என்பதையே நீங்கள் கேட்பதாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். மடிக்கணினிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். கடந்த சில ஆண்டுகளாக இத்தகைய கையடக்கக் கருவிகளும் என் மேசைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் உங்களுடைய இதே சந்தேகத்தோடுதான் வருகிறார்கள்.

நீங்கள் வாங்கியிருப்பது பிளேஸ்டேஷனின் சிறிய வடிவம் அன்று. அது ஒரு முழுமையான விண்டோஸ் கணினி; ஏழு அங்குலத் திரைக்குப் பின்னால், எட்டு கோர்கள் கொண்ட ஏஎம்டி ரைசன் இசட்1 எக்ஸ்ட்ரீம் சிப்பும் அதனுள்ளேயே கிராஃபிக்ஸ் பகுதியும் இருக்கின்றன. பிளேஸ்டேஷனில் விளையாட்டை உருவாக்கியவர்களே அந்த ஒரே கருவிக்கென எல்லாவற்றையும் அளந்து வைத்துவிடுவார்கள். இங்கே அந்த அளவை நீங்களே வைக்க வேண்டும். அளக்க வேண்டிய பொருள் வாட். எவ்வளவு வாட் மின்சாரத்தைச் சிப்புக்குக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே சூடு, விசிறிச் சத்தம், படத்தின் வேகம் ஆகிய மூன்றும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும்; பேட்டரி நேரம் மட்டும் அதற்கு எதிர்த்திசையில் போகும். இதைப் புரிந்துகொண்டவருக்கு இந்தக் கருவியில் மீதமிருப்பவை எல்லாம் சிறு வேலைகள்தாம்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 2023இல் வெளிவந்த முதல் ராக் அலையில் இருப்பது 40 வாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி. அதில் சைலன்ட் முறையில் சிப்புக்கு 10 வாட், பெர்ஃபார்மன்ஸ் முறையில் 15 வாட், டர்போ முறையில் பேட்டரியில் ஓடும்போது 25 வாட், சார்ஜரில் இணைத்திருந்தால் 30 வாட் என்று தயாரிப்பாளர் வகுத்திருக்கிறார். சிப் மட்டுமே மின்சாரம் குடிப்பதில்லை. திரை, நினைவகம், எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம், வைஃபை, விசிறி, மின்மாற்றத்தில் வீணாவது எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ இன்னும் 7 முதல் 10 வாட் ஆகும். டர்போவில் மொத்தச் செலவு 33 அல்லது 35 வாட் என்று வைத்துக்கொண்டால், 40ஐ அதனால் வகுக்கும்போது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக வரும். பெர்ஃபார்மன்ஸ் முறையில் ஒன்றே முக்கால் மணி நேரத்தை ஒட்டி வரும்; சைலன்ட் முறையில் இரண்டரை மணி நேரத்துக்கு அருகில் போகலாம். நீங்கள் விளையாடியதாகச் சொல்லும் சைபர்பங்க் 2077 போன்ற கனமான விளையாட்டைக் கருவி வந்த அமைப்பிலேயே ஓடவிட்டு ஒன்றரை மணி நேரம் கிடைத்திருந்தால், அது பழுதின் அறிகுறி அன்று, கணக்கின்படிதான் நடந்திருக்கிறது.

இது பொதுக் கணக்கு. உங்கள் கையிலுள்ள பேட்டரி முன்பு எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல இயலாது. அதை நீங்களே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். விண்டோஸின் கட்டளைச் சாளரத்திலிருந்து பேட்டரி அறிக்கை ஒன்றைத் தயாரிக்க முடியும். அந்தப் பக்கத்தில் வடிவமைப்புக் கொள்ளளவு என்றும் முழுச் சார்ஜ் கொள்ளளவு என்றும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஏறத்தாழ 40,000 மில்லிவாட்-மணி. இரண்டாவது 36,000க்கு மேல் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. 32,000ஐ ஒட்டி இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்திருக்கிறது என்று பொருள். விலையில் அது பிரதிபலித்திருக்க வேண்டும். 28,000க்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் இந்த வியாபாரத்தை எடைபோட வேண்டும். இந்த எண்ணும் மென்பொருளின் மதிப்பீடுதான் என்பதால், ஒருமுறை முழுதாக ஏற்றி, தானாக அணையும் அளவுக்கு இறக்கி, மீண்டும் ஏற்றிய பிறகு பார்த்தால் கூடுதலாக நம்பலாம்.

பழைய கருவி என்பதால் இன்னும் இரண்டு சோதனைகளை இப்போதே செய்துவிடுங்கள். இதன் கட்டைவிரல் குச்சிகள் மின்தடையை அளந்து திசையறியும் வகையைச் சேர்ந்தவை. நாளடைவில் உராய்ந்து, யாரும் தொடாதபோதும் ஒரு பக்கம் நகர்வதாகக் காட்டும் சிக்கல் அவற்றுக்கு வரக்கூடியது. விண்டோஸிலேயே உள்ள கேம் கன்ட்ரோலர் பக்கத்தில் குச்சியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கைவிட்டால் புள்ளி நடுவுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்; சிறிதளவு விலகலை அமைப்பிலேயே சரிசெய்யலாம், பெரிய விலகலுக்குக் குச்சியை மாற்ற வேண்டும். அடுத்தது மெமரி கார்டு இடம். முதல் ராக் அலையில், சூட்டின் அழுத்தத்தால் எஸ்டி கார்டு ரீடர் செயலிழக்க நேரிடலாம் என்று 2023இல் தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டிருக்கிறார். எல்லாக் கருவியிலும் அது நடந்துவிடும் என்பதில்லை. ஆனாலும் ஒரு கார்டைச் செருகி, அரை மணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டி, கருவி சூடான நிலையில் பெரிய கோப்பு ஒன்றை அதற்குப் படியெடுத்துப் பார்ப்பது நல்லது. தேறினாலும் விளையாட்டுகளை உள்ளிருக்கும் எஸ்எஸ்டியிலேயே வைத்துக்கொண்டு, கார்டைப் படங்களுக்கும் இலகுவான விளையாட்டுகளுக்கும் விட்டுவிடுங்கள்.

சோதனைகள் முடிந்ததும் முன்னவரின் சுவடுகள் எதுவும் இல்லாதபடி விண்டோஸை முழுமையாக மீட்டமைத்துவிடுங்கள். பிறகு சார்ஜரில் இணைத்த நிலையிலேயே விண்டோஸ் புதுப்பிப்பு, பயாஸ் (கருவியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்), ஆர்மரி கிரேட் என்ற தயாரிப்பாளரின் மென்பொருள், கிராஃபிக்ஸ் டிரைவர் ஆகிய நான்கையும் புதுப்பியுங்கள். ஒரு மாலைப்பொழுது இதிலேயே போகும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இந்த முதல் மாதிரி வெளிவந்த பிறகு மென்பொருளில் அது அடைந்த மேம்பாடு பெரிது, அதைத் தவறவிடக் கூடாது. தொடுதிரையில் விண்டோஸை இயக்குவது பொறுமையைச் சோதிக்கும் என்பதால், அந்த ஒரு நாளுக்காவது யுஎஸ்பி-சி ஹப் ஒன்றும் அதில் செருக ஒரு விசைப்பலகையும் மவுஸும் கைவசம் இருக்கட்டும். அதே ஹப்பில் எச்டிஎம்ஐ வாயும் சார்ஜர் வாயும் இருந்தால், பின்னால் டிவியில் இணைத்து விளையாடவும் அதுவே போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விண்டோஸை மெலிதாக்கித் தருவதாகச் சொல்லி, தேவையற்ற பகுதிகளை மொத்தமாக நீக்கும் நிரல்களை ஓடவிடச் சொல்லும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். அப்படி ஓடவிட்ட பிறகு எக்ஸ்பாக்ஸ் செயலி திறக்காமலும், புதுப்பிப்பு பாதியில் நின்றும், கடைசியில் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து நிறுவ வேண்டியதாகியும் வந்த கருவிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிடைக்கும் வேகமோ கண்ணுக்குத் தெரியாத அளவு. விண்டோஸின் பாதுகாப்பு அமைப்பில் நினைவக ஒருமைப்பாடு என்ற வசதியை அணைத்தால் சில விளையாட்டுகளில் வினாடிக்குச் சில ஃப்ரேம்கள், அதாவது திரையில் வரையப்படும் படங்கள், கூடுவது உண்மை. ஆனால் இதே கருவியில் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறப்பீர்கள் என்றால் அந்தப் பாதுகாப்பைக் கைவிடுவது தகாது என்பது என் கருத்து.

இனி வாட்டுக்குத் திரும்புகிறேன். புதியவர்கள் பெரும்பாலும் செய்வது, டர்போவை வைத்துவிட்டு மறந்துவிடுவது. இரண்டரை மடங்கு மின்சாரம் கொடுத்தால் இரண்டரை மடங்கு வேகம் கிடைக்கும் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் சிப்புகள் அப்படி இயங்குவதில்லை. வேகம் கூட வேண்டுமானால் அதிர்வெண்ணைக் கூட்ட வேண்டும். அதிர்வெண்ணைக் கூட்ட மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். மின் செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஆகவே 10 வாட்டிலிருந்து 15 வாட்டுக்குப் போகும்போது படத்தின் வேகம் தெளிவாக உயரும். 15லிருந்து 20க்கு ஓரளவு உயரும். 25க்கு மேல் நீங்கள் கொடுப்பதில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறும். இசட்1 எக்ஸ்ட்ரீமுக்கு 15 முதல் 18 வாட் வரையிலான இடமே நல்ல இடம் என்று நான் கருதுகிறேன். இதில் உறுதியானது அந்த வளைகோட்டின் வடிவம். எந்த எண்ணில் அது உங்களுக்கு வளைகிறது என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். ஆர்மரி கிரேட்டில் கையால் வாட் குறிக்கும் முறை இருக்கிறது; கனமான ஒரு விளையாட்டின் ஒரே இடத்தில் நின்றுகொண்டு 10, 13, 15, 18, 25 என்று மாற்றி, திரையின் மூலையில் வரும் ஃப்ரேம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சைபர்பங்கில் வேகம் அளக்கும் சோதனை உள்ளேயே இருப்பதால் இந்தப் பயிற்சிக்கு அது மிகவும் ஏற்றது. ஒருமுறை இதைச் செய்தவர் பிறகு யாரிடமும் அமைப்புகளைக் கேட்கத் தேவையிராது.

வாட்டைக் குறைத்ததால் இழந்த வேகத்தை மீட்க முதல் வழி ரிசொல்யூஷன். உங்கள் திரை 1920க்கு 1080, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளைச் சிப் வரைய வேண்டும். 1280க்கு 720இல் அது ஏறத்தாழ 9.2 லட்சம்தான், வேலை பாதிக்கும் கீழே குறைகிறது. 55 அங்குல டிவியில் இந்தக் குறைவு உறுத்தும். ஏழு அங்குலத்தில், அதிலும் விளையாட்டின் அமைப்பிலேயே, குறைந்த ரிசொல்யூஷனில் வரைந்த படத்தைத் திரையின் அளவுக்கு உயர்த்தும் எஃப்எஸ்ஆர் என்ற நுட்பத்தை இயக்கிவிட்டால், பெரும்பாலான காட்சிகளில் வித்தியாசம் தெரிவதில்லை. சிறிய எழுத்துகளில் மட்டும் தெரியும். எழுத்து அதிகமுள்ள விளையாட்டுகளுக்கு 900 வரிசைகள் என்ற இடைநிலை எனக்குப் பிடித்தமானது. நிழல், பிரதிபலிப்பு, தொலைவில் உள்ளவற்றின் நுணுக்கம் ஆகியவற்றைத் தாழ்த்தினால் வேகம் நன்றாக ஏறும். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படம்) தரத்தைத் தாழ்த்துவதால் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை, அது நினைவகத்தைத்தான் பொறுத்தது.

இரண்டாவது வழி ஃப்ரேம் எல்லை. இதைப் பலரும் வேகத்தைக் குறைக்கும் தண்டனையாகப் பார்க்கிறார்கள். நான் இதை இந்தக் கருவியின் மிக நல்ல வசதியாகக் கருதுகிறேன். வினாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 33.3 மில்லிவினாடி; 60 என்றால் 16.7. இவ்விரண்டுக்கும் சரியான நடுப்புள்ளி 25 மில்லிவினாடி. அது 40 ஃப்ரேம். எண்ணில் 40 என்பது 30க்கு அருகில் இருப்பதாகத் தோன்றினாலும், கைக்கும் கண்ணுக்கும் அது 30க்கும் 60க்கும் பாதி வழியில் இருக்கிறது. உங்கள் திரை வினாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை. 120ஐ 40 மீதமின்றி வகுக்கும் என்பதால், ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக மூன்று புதுப்பிப்புகள் நின்று, அசைவு சீராக இருக்கும். கனமான கதை விளையாட்டுகளை 15 வாட்டில் 40 ஃப்ரேமுக்குக் கட்டிவிட்டால், காட்சி எளிதாக உள்ள இடங்களில் சிப் தானே ஓய்வெடுக்கும். விசிறியும் தணியும், பேட்டரியும் கணக்கைவிடக் கூடுதலாக நிற்கும். திரையின் இடப்பக்கமுள்ள சிறிய பொத்தானை அழுத்தினால் வரும் கட்டுப்பாட்டுப் பலகையிலேயே இந்த எல்லையை வைக்கலாம்.

அதே பலகையில் சிபியு பூஸ்ட்டை அணைக்கும் வசதியையும் காண்பீர்கள். செயலிக் கோர்கள் சிறு வேலைக்கும் உச்ச வேகத்துக்குப் பாய்ந்து, பொதுவான வாட் ஒதுக்கீட்டில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டால், படத்தை வரையும் பகுதிக்கு மிஞ்சுவது குறைகிறது. பூஸ்ட்டை அணைத்தால் அந்தப் பங்கு திரும்பக் கிடைக்கும், சூடும் குறையும். ஆனால் இது எல்லா விளையாட்டுக்கும் நன்மை தருவதில்லை. கூட்டமான நகரங்களையோ பெரிய படைகளையோ கணக்கிடும் விளையாட்டுகளில் இதனாலேயே தடுமாற்றம் வரலாம். அணைத்தும் அணைக்காமலும் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நினைவகத்தைப் பற்றி ஒரு சொல். உள்ளிருக்கும் 16 ஜிபியையே செயலியும் கிராஃபிக்ஸும் பங்கிட்டுக்கொள்கின்றன. கிராஃபிக்ஸுக்கு 4 ஜிபி ஒதுக்கியிருப்பதுதான் வந்த அமைப்பு. புதிய பெரிய விளையாட்டுகள் அதில் திணறினால் ஆர்மரி கிரேட்டில் 6 ஆக்கி மறுதொடக்கம் செய்யுங்கள். 8 வரை போகலாம் என்றாலும், விண்டோஸுக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து 8தான் மிஞ்சும் என்பதால் வேறொரு பக்கம் நெருக்கடி தொடங்கும். பின்னால் வந்த அலை எக்ஸில் 24 ஜிபி நினைவகமும் 80 வாட்-மணி பேட்டரியும் வைத்ததற்குக் காரணம் இந்த இரண்டு இடங்களில்தான் முதல் மாதிரி இறுக்கமாக இருந்தது என்பதே.

சூட்டையும் சார்ஜரையும் பற்றி. காற்று பின்புறத் துளைகளால் உள்ளே போய் மேல்விளிம்பால் வெளியேறுகிறது. ஆகவே மேல்விளிம்பு சுடுவது, வெப்பம் சரியாக வெளியேறுகிறது என்பதற்கு அடையாளம். விரல் படும் பிடிகளும் பொத்தான்களும் சுட்டால்தான் கவலைப்பட வேண்டும். தலையணையிலோ மடியிலோ பின்புறம் அடைபடும்படி வைக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அறையே 36, 37 டிகிரி இருக்கும்போது எந்த விசிறியும் அதற்குக் கீழே குளிர்விக்க முடியாது. அந்த மாதங்களில் 15 வாட்டைத் தாண்டாமல் இருப்பதே கருவிக்கு நல்லது. சார்ஜர் விஷயத்தில், கூட வரும் 65 வாட் சார்ஜர் தொலைந்திருந்தால், வீட்டிலுள்ள கைப்பேசிச் சார்ஜரில் 80 வாட் என்று எழுதியிருப்பதை நம்பிச் செருகிவிட்டு ஏன் ஏறவில்லை என்று குழம்பாதீர்கள். பல கைப்பேசி நிறுவனங்கள் தங்களுக்கே உரிய வேகச் சார்ஜ் முறையை வைத்திருக்கின்றன. அந்த 80 வாட் அவர்களுடைய ஃபோனுக்கு மட்டும்தான். இந்தக் கருவிக்கு வேண்டியது யுஎஸ்பி பவர் டெலிவரி முறையில் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர். கேபிளும் முக்கியம், சாதாரண யுஎஸ்பி-சி கேபிள்கள் 3 ஆம்பியரோடு, அதாவது 60 வாட்டோடு நின்றுவிடும், ஆகவே 5 ஆம்பியர் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் வீட்டில் செருகியே விளையாடுபவர் என்றால் சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதியை இயக்கிவிடுங்கள். லித்தியம் பேட்டரியைச் சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தே வேகமாக முதுமையடையச் செய்கின்றன.

உறக்கநிலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. பிளேஸ்டேஷனைப் போலப் பொத்தானை அழுத்திவிட்டுப் போய், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வீர்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். விண்டோஸின் இன்றைய உறக்கநிலை உண்மையில் அரைத் தூக்கம். பின்னணியில் ஏதோ ஒன்று எழுந்து, பைக்குள் இருக்கும் கருவியைச் சூடாக்கி, பேட்டரியையும் தீர்த்துவிடக்கூடும். அமைப்புகளில் பவர் பொத்தானின் வேலையை ஹைபர்நேட், அதாவது இருந்த நிலையை எஸ்எஸ்டியில் சேமித்துவிட்டுக் கருவியை அணைப்பது, என்று மாற்றிவிடுங்கள். விழித்தெழச் சில வினாடிகள் கூடுதலாக ஆகும், ஆனால் பையில் நிம்மதியாக இருக்கும். பெரும்பாலான விளையாட்டுகள் இதைத் தாங்கிக்கொள்ளும். இணையத் தொடர்பு தேவைப்படுபவை அறுந்துபோகும். எதுவானாலும் சேமித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

இதே காரணத்தால்தான் ஸ்டீம்ஓஎஸ்ஸைப் பற்றி எல்லாரும் ஆர்வமாகப் பேசுகிறார்கள். அந்த ஆர்வம் நியாயமானது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கோடு 2022இல் பரவிய அந்த இயங்குதளம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டுகளைப் புரோட்டான் என்ற இடைமென்பொருளால் ஓட்டுகிறது. உறக்கநிலை ஏறத்தாழ கன்சோலைப் போலவே இயங்கும். திரையும் முழுக்க முழுக்கக் கன்ட்ரோலருக்காக வடிவமைக்கப்பட்டது. 2025 மே மாதம் வந்த 3.7 பதிப்பில் லெனோவோ லீஜியன் கோ எஸ்ஸுக்கு முழு ஆதரவும், ஏஎம்டி சிப்புள்ள பிற கையடக்கக் கருவிகளுக்கு மேம்பட்ட ஆதரவும் கிடைத்தன. ஆனாலும் உங்களை இப்போதே மாறச் சொல்ல மாட்டேன். வாலரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவை தங்கள் மோசடித் தடுப்பு மென்பொருளால் லினக்ஸில் ஓடுவதில்லை. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்து, 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் ஆதரவை நிறுத்தியது. மைக்ரோசாஃப்டின் சந்தாவான கேம் பாஸில் வரும் விளையாட்டுகளைக் கருவியிலேயே நிறுவி ஆடவும் விண்டோஸ் வேண்டும். ஆர்மரி கிரேட்டும் விண்டோஸில் மட்டுமே உண்டு. நண்பர்களோடு ஆடும் விளையாட்டு எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை, ஸ்டீமில் மட்டுமே வாங்குகிறேன் என்ற நிலை ஓரிரண்டு மாதத்தில் உறுதியானால், அப்போது தாராளமாக மாறுங்கள். அதுவரை விண்டோஸிலேயே ஸ்டீமின் பிக் பிக்சர் என்ற, கன்ட்ரோலருக்கேற்ற முழுத்திரை முறையைக் கருவி தொடங்கும்போதே திறக்கும்படி வைத்துக்கொண்டால், அந்த அனுபவத்தில் பாதியாவது கிடைத்துவிடும்.

எந்த விளையாட்டில் தொடங்குவது என்ற கேள்விக்கு, இலகுவானவற்றிலிருந்து என்பதே என் பதில். ஸ்டார்டியூ வேலி, ஹேடிஸ் போன்றவை 10 வாட்டிலேயே சுகமாக ஓடும். கருவி குளிர்ந்து அமைதியாக இருக்கும்போது கையில் எப்படி அமைகிறது என்பதை அவற்றில்தான் உணர்வீர்கள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்துத் தாய் ஒருவரின் சமையலைச் சுற்றி அமைந்த வெண்பாவையும் தொடக்கத்துக்குச் சொல்வேன். ஒரே அமர்வில் முடிக்கலாம், சிப்புக்கு எந்தச் சிரமமும் இல்லை, இட்லித் தட்டுகளை அடுக்கும் இடத்தில் தொடுதிரையும் கைகொடுக்கும். பெரியவற்றுக்குப் போகும்போது இடத்தைக் கவனியுங்கள். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜிபி கேட்கிறது, உங்கள் எஸ்எஸ்டி 512 ஜிபிதான், அதிலும் விண்டோஸ் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டியைப் பெரிதாக மாற்ற முடியும், 2230 அளவிலானது வேண்டும். ஆனால் கருவியைத் திறந்து பழகாதவர் அதை அனுபவமுள்ளவரிடம் விடுவதே நல்லது. இந்தக் கருவியில் ஓடுமா என்ற சந்தேகமுள்ள விளையாட்டை ஸ்டீமில் வாங்கினால், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். அந்த முதல் மணி நேரத்தை அமைப்புகளைச் சோதிக்கவே பயன்படுத்துங்கள்.

அலைக்குப் பதில் ஸ்டீம் டெக் வாங்கியிருக்க வேண்டுமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். டெக் 1280க்கு 800 திரையும் 15 வாட் உச்சமும் கொண்டு, குறைந்த வாட்டுக்கென்றே செதுக்கப்பட்டது. 10 வாட்டும் அதற்குக் கீழும் அது உங்கள் கருவிக்குச் சளைப்பதில்லை, ஓஎல்இடி மாதிரியில் 50 வாட்-மணி பேட்டரியும் உண்டு. 15 வாட்டுக்கு மேல் கொடுக்க முடிகிற இடத்தில் உங்கள் கருவியே வேகமானது. டெக் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படுவதில்லை என்பதால், இறக்குமதி செய்தவரிடம் வாங்கினால் உத்தரவாதத்துக்கு அவரையே நம்பியிருக்க வேண்டும். பழுது என்று வரும்போது இது சிறிய விஷயம் அன்று. கையில் ஒன்று வந்துவிட்ட பிறகு மாற்றுவதற்கு வலுவான காரணம் எதையும் நான் காணவில்லை.

முதலில் பேட்டரி அறிக்கையின் இரண்டு எண்களையும், 15 வாட்டிலும் 25 வாட்டிலும் சைபர்பங்க் சோதனையில் கிடைத்த சராசரி ஃப்ரேமையும், அப்போது அறை எவ்வளவு வெப்பமாக இருந்தது என்பதையும் இங்கேயே எழுதுங்கள். அந்த ஐந்து எண்களைப் பார்த்தால், உங்கள் கருவி நல்ல நிலையில் இருக்கிறதா, அல்லது உள்ளே தூசியோ காய்ந்துபோன வெப்பப் பசையோ காரணமாகச் சேவைக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதை ஊகமின்றிச் சொல்ல முடியும்.